இரண்டாவது கிடார்

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை. மேசை விசிறியைப் பிரித்துத் துடைப்பது அன்றைக்கு அர்ஜுனனின் வேலை. கூண்டைக் கழற்றி, இறக்கையை உருவி, செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பனியனால் துடைப்பான். பட்டுப் பிசிறு லேசில் விடாது. ஈர விரலால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேலையில் அவனுக்கு அவசரமே கிடையாது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து புவனேஸ்வரி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அமாவாசையும் ஞாயிறும் ஒன்றாக வந்ததால் மகள் கீர்த்தியும் வீட்டில் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. வாரம் ஆறு நாள் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவள், கிடைத்த ஒரு நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"சாயங்காலம் ஷரீஃப் கடைக்குப் போயிட்டு வரேன்," என்றான் அர்ஜுனன், விசிறியிடம் சொல்வதுபோல.

"மறுபடியுமா?" என்றாள் புவனேஸ்வரி.

அவன் பனியனைப் பிழிந்தான். புவனேஸ்வரி கத்தியை வேகமாக ஓட்டினாள்.

"அப்பா, அம்மா கேக்குறாங்க. மறுபடியுமான்னு."

"ஆமாம்மா. இந்த ஹெட்போன்லயும் பாட்டுல அந்த ரெண்டாவது கிடார் வரல. செட்டு சரியில்ல."

"மா, அப்பா சொல்றாரு, செட்டு சரியில்லையாம்."

"எனக்குக் காது இருக்குது. கேட்டுச்சு."

கீர்த்தி எழுந்து சிக்கை எடுத்தபடியே சொன்னாள்: "நான் கல்யாணமாகிப் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க? இப்பவே ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சுக்குங்க. நான் அட்மினா இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாகச் சொல்லிவிட்டாளே தவிர, வீடு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், சட்டை கிழிந்தால் தைத்து வைப்பாள். பேச்சு மட்டும் கீர்த்தி வழியாகப் போய் வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவர்களுடையது ஒற்றைத் தறி, கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டின் நூலும் ஒன்றையொன்று கோர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் கரை நிற்கும். அதற்கு ஒரு ஆள் போதாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, அவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாவை, அந்த ஓடக்கட்டையை, குறுக்கே தள்ள வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வலப்பக்கப் பலகை புவனேஸ்வரியுடையது. ஊர்க்கதை, உறவுக்கதை, காய்கறி விலை என்று நாடாவோடு சேர்த்துப் பேச்சையும் தள்ளிக்கொண்டிருந்தவள்தான் அவள். அவன் 'ம்' போடுவான், சில நேரம் எதிர்க்கதை சொல்வான். அது ஒரு காலம்.

அர்ஜுனனுக்கு ஒரு பைத்தியம் உண்டு, பாட்டுப் பைத்தியம். அதுவும் கேட்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்தி, டிரம்ஸை அடித்து நொறுக்குகிற ராக் பாட்டு. பள்ளிக்கூட நாளில் பிடித்துக்கொண்டது. அவன் சிநேகிதன் ஷரீஃபின் அப்பா அப்போது கேசட் பதிவுக் கடை வைத்திருந்தார். சென்னையிலிருந்து பழைய கேசட்டுகள் மூட்டையாக வரும். அவற்றில் இருப்பதை அழித்து அதன்மேல் சாமி பாட்டுப் பதிந்து கோயில் வாசல் கடைகளுக்குக் கொடுப்பார்கள். அழிக்கும் முன்னால் இரண்டு பையன்களும் ஒருமுறை போட்டுக் கேட்டுவிடுவார்கள். ஷரீஃபுக்கு அது பொழுதுபோக்கு. அர்ஜுனன் மட்டும், "இத்த மட்டும் அழிக்காதடா" என்று சில கேசட்டுகளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவான். ஒரு வார்த்தை புரியாது. இன்றைக்கும் புரியாது. ஆனால் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

கேசட் போய், போன் வந்தது. தறிமேல் போனைச் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி நெய்வான். புவனேஸ்வரிக்கு அது அலமாரியிலிருந்து பாத்திரம் சரிகிற சத்தமாகத்தான் பட்டது. "கொஞ்சம் நிறுத்துங்களேன், தலை வலிக்குது," என்பாள். அவன் கொஞ்சம் குறைப்பான். அவ்வளவுதான். அதனால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நாலு வருஷத்துக்கு முன்னால் ஓரிக்கையில் நடந்த அந்த நிச்சயதார்த்தம் வரை.

ஓரிக்கையில் இருப்பவர் புவனேஸ்வரியின் அண்ணன் குமரகுரு. நான்கு தறி, மாடி வீடு, கார். அவர் மகள் நிச்சயதார்த்தத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கத்திலேயே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏன்டி புவனா, இன்னும் ஒரே தறியோடவே நிக்கிறீங்களே?" என்று அண்ணி கேட்டாள். கேட்ட விதத்தில் முள் இருந்தது. அந்த முள்ளைத் திருப்பிக் குத்தாமல், புவனேஸ்வரி அதைப் பக்கத்தில் இருந்த அர்ஜுனன்மேல் போட்டாள்.

"எங்க வூட்ல வெளக்கேத்தறதுக்கு நான், தறிக்கு நான், தலையாட்டறதுக்கு அவரு," என்றாள். சொன்னதோடு நிற்காமல் அவன் மாதிரியே தலையையும் ஆட்டிக் காட்டினாள்.

கூடம் அதிர்ந்தது. நடிப்பென்றால் புவனேஸ்வரிக்கு இயல்பாகவே வரும். சிரிக்கிறவர்களைக் கண்டதும் இன்னொரு தடவை ஆட்டினாள். அர்ஜுனனும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டான். ஆனால் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவில்லை, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். அன்றிலிருந்து குமரகுரு வீட்டு மாப்பிள்ளை முதல் சின்னப் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் அவன் 'தலையாட்டி மாமா' ஆனான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் தலையை ஆட்டித்தான் வரவேற்பார்கள்.

அதன்பிறகு தறியில் பாட்டு நின்றது. மாடிக்குப் போய்க் கேட்டான். அப்படிக் கேட்கும்போதும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். தலை ஆடவில்லை. துணி எடுக்கப் போன புவனேஸ்வரி அதைப் பார்த்தாள்.

அவள் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் சுலபமாக வராது. அவளைப் பெற்றவர்களுக்கே அவள் அதைச் சொன்னதில்லை. ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாளே, தறியில் உட்கார்ந்து நாலு நாடா தள்ளிய பிறகு, குனிந்தபடியே, "அத்தனை பேர் முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான்," என்றாள்.

அர்ஜுனன் மிதியை மிதித்தான். தறி தடதடத்தது.

கேட்கவில்லையோ என்று கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். "தப்புதாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அவன் அடுத்த நாடாவுக்காகக் கையை நீட்டினான். முகம் திரும்பவில்லை.

சரி, அப்படியா என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஒருத்தி இறங்கி வந்து சொல்கிறாள், ஒரு 'ம்' போடக்கூட மனசில்லை என்றால் அது எவ்வளவு நெஞ்சழுத்தம்! பேசினால்தானே பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்? பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். தறிக்கு அதனால் நஷ்டம் இல்லை. கை பழகிய வேலை, கண் பார்த்தால் போதும்.

இப்போது இந்த ஹெட்போன்.

அவன் அதை வாங்கப் போவதாகச் சொன்னபோதே புவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. இருக்கிற கொஞ்ச நஞ்சப் பேச்சுக்கும் கதவைச் சாத்திவிடப் பார்க்கிறான். "யாருக்கும் தொந்தரவு இல்லாம நான் பாட்டுக்குக் கேட்டுக்கறேன்," என்று கீர்த்தியிடம்தான் சொன்னான். அந்த 'யாருக்கும்' யார் என்று புவனேஸ்வரிக்குத் தெரியாதா?

முதலில் கீர்த்தி ஆன்லைனில் ஒன்று வரவழைத்தாள். ஒயர் இல்லாதது. அர்ஜுனன் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுக் கழற்றினான். "மேளம் மட்டும்தாம்மா கேக்குது. கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு கச்சேரி கேக்குற மாதிரி இருக்குது." கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டு தூங்கலாம் என்று அதைக் கீர்த்தியே வைத்துக்கொண்டாள். பிறகுதான் ஷரீஃப் கடை. அங்கே ஒன்று வாங்கினான், மாற்றினான், அதையும் மாற்றினான். எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: அந்த ரெண்டாவது கிடார் வரவில்லை.

"சாயங்காலம் நானும் வரேன்னு சொல்லு உங்கப்பாகிட்ட," என்றாள் புவனேஸ்வரி மகளிடம். "பேரம் பேசத் தெரியாத ஆளு. பாய் தலையில கட்டறதை எல்லாம் வாங்கிக்கினு வருது."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது ஷரீஃபின் கடை. அப்பா கேசட் விற்ற அதே இடம். இப்போது போன் உறைகள் தோரணமாகத் தொங்க, கண்ணாடிப் பெட்டிக்குள் சார்ஜரும் ஒயரும் அடைந்து கிடந்தன. ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டி ஒரு போனின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்த ஷரீஃப், இவர்களைப் பார்த்ததும் லென்ஸை நெற்றிக்கு ஏற்றினான்.

"வாடா அர்ஜுனா. வா தங்கச்சி. போலீஸைக் கூட்டினு வருவான்னு பாத்தா வூட்டுக்காரியைக் கூட்டினு வந்திருக்கான். இதுக்கு அதுவே பரவால்ல."

"இதுலயும் வரலடா," என்றான் அர்ஜுனன், டப்பாவைக் கண்ணாடிமேல் வைத்து.

"எது வரல?"

"ரெண்டாவது கிடார்."

ஷரீஃப் புவனேஸ்வரியைப் பார்த்து நியாயம் கேட்டான். "நீயே சொல்லு தங்கச்சி. மொத தடவை வந்தான். ராக் பாட்டு கேக்கணும், ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சுக் குடுன்னான். நான் இன்னா சொன்னேன்? ஒயர் வச்சதா எடு, ஒயர் இல்லாததுல பாதிக் காசு பேட்டரிக்கே போயிடும்னு சொன்னேன். காதை முழுசா மூடுற மாதிரி எடு, அமுக்காது. ரெக்சின் வேணாம், நம்மூர் வெயிலுக்குக் காது வெந்துடும், துணி வச்சது எடு. எல்லாம் பாத்துத்தான் குடுத்தேன். மறுநாள் வந்து கிடார் வரலன்னான். ஒருவேளை அந்த செட்ல பேஸ், அதான் அடிச் சத்தம், தூக்கலா இருக்குது போல, கிடாரு சத்தம் நடுவுல இருக்குறது, பேஸ் அதை முழுங்கிடும்னு நெனச்சு, எதையும் ஏத்தாம எறக்காம வர்ற செட்டு ஒண்ணு குடுத்தேன். ஸ்டுடியோக்காரங்க வாங்கிக்கினு போறது அது. அதுக்கும் இதே பாட்டு. நேத்து வந்து, செகண்ட்ஸ் மாலாடா எனக்குக் குடுக்குறேன்னு கேட்டுட்டான். கடையில ஆள் இருக்கும்போது."

கடைசி வார்த்தையில் குரல் தாழ்ந்தது. அர்ஜுனன் போன் உறைகளைப் பார்த்தான்.

"போன் ஸ்பீக்கர்ல வருதேடா," என்றான் பிடிவாதமாக. "பத்து ரூபா ஸ்பீக்கர்ல வர்றது ரெண்டாயிரம் ரூபா செட்ல ஏன் வரல?"

"தங்கச்சி, நீ கேளு. உனக்கு இவன் மேலயும் பாசம் இல்ல, என் மேலயும் பாசம் இல்ல. நீதான் சரியான ஆளு."

புவனேஸ்வரி அதுவரை ஹெட்போன் மாட்டியதில்லை. ஷரீஃப் கொடுத்ததை வாங்கி, பூ நசுங்காமல் தலையில் வைத்தாள். இரண்டு காதையும் துணி மூடியது. சந்தின் ஹாரன் சத்தம் தூரப் போயிற்று. அர்ஜுனன் போனைத் தொட்டான்.

இடது காதில் ஒரு கிடார் தொடங்கியது. பிறகு டிரம்ஸ், தலைக்கு நடுவில், பக்கத்து அறையில் யாரோ உண்மையிலேயே உட்கார்ந்து அடிப்பதுபோல. அதன்பின் வலது காதில் இன்னொரு கிடார் நுழைந்தது. முதல் கிடார் ஒன்று சொல்ல, இது குறுக்கே புகுந்து இன்னொன்று சொன்னது. முதலாவது கோபித்துக்கொள்ள, இது சமாதானம் பேசியது. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. இதைத்தானா இத்தனை வருஷமாகப் பாத்திரம் சரிகிற சத்தம் என்று நினைத்திருந்தோம்? பாட்டு உயர ஒரு இடத்துக்கு ஏறி நின்று, அங்கிருந்து விழுந்தபோது அவள் தலை தானாக ஒருமுறை அசைந்தது. சட்டென்று கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஷரீஃப் பார்த்துவிட்டான். நல்லவேளை, அர்ஜுனன் பார்க்கவில்லை.

கழற்றினாள். "இருக்குதே. இந்தக் காதுல இன்னொருத்தன் வாசிக்கிறான்."

"எந்தக் காதுல?"

வலப்பக்கம் தொட்டுக் காட்டினாள்.

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாத்தான் கேக்குது."

"டேய், கேட்டியாடா!" என்றான் ஷரீஃப்.

அர்ஜுனன் வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கினான். "நீயும் அவனோட சேர்ந்துக்கினு சும்மா சொல்ற."

"இருங்க, கோணலா போட்டிருக்கீங்க," என்று புவனேஸ்வரி அதை அவன் தலையிலிருந்து எடுத்தாள். பட்டையைக் கொஞ்சம் நீட்டினாள். உள்பக்கம் ஒன்றில் L, ஒன்றில் R என்று சின்னதாக எழுதியிருந்ததைப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஜாக்கெட் தைக்கும்போது கை மாறித் தைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் திருப்பி வைத்துப் பார்ப்பாள், அந்தப் பழக்கமாக இருக்கலாம். திருப்பி, இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றி அவன் காதில் வைத்தாள்.

"இப்ப?"

அர்ஜுனன் முகம் மலர்ந்தது. "வந்துடுச்சு! இதோ, இதான், இதான் ரெண்டாவது கிடார்!" பிறகு புருவம் சுருங்கியது. "ஆனா மொத கிடாரைக் காணோமே. இன்னா செட்டுடா இது? ஒண்ணைக் குடுத்தா ஒண்ணைப் புடுங்கிக்குது!"

ஷரீஃபின் கை லென்ஸில் நின்றது. அவள் திருப்பி வைத்ததை அவன் பார்த்திருந்தான். அர்ஜுனனின் வலது காதைப் பார்த்தான், புவனேஸ்வரியைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

புவனேஸ்வரி தலையை அசைத்தாள். வேண்டாம். ஒரு கூட்டத்தின் முன்னால் இவனைப் பற்றி ஒருமுறை சொல்லியாகிவிட்டது. சந்தில் போகிறவன் வருகிறவன் முன்னால் இன்னொரு முறை வேண்டாம்.

ஷரீஃப் புரிந்துகொண்டான். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "சரி விடுறா. இதையே எடுத்துக்கினு போ. கொஞ்ச நாள் கேளு. புடிக்கலன்னா என் தலையில அடி," என்றான்.

அர்ஜுனன் வண்டியை எடுக்கப் போனதும் ஷரீஃப் கண்ணாடிக்குமேல் குனிந்தான். "போன்ல ஒரு செட்டிங் இருக்குது தங்கச்சி. ரெண்டு பக்கத்து சத்தத்தையும் ஒண்ணாக்கி ரெண்டு பக்கமும் குடுக்கும். ஒரு காதுல கேட்டாலும் எல்லாம் வந்துடும். கீர்த்தி போட்டுக் குடுப்பா. ஆனா மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க."

"நான் சொல்லிக்கறேன் பாய். நீங்க யார்கிட்டயும்..."

"சீ, இன்னா பேச்சு இது. அவன் என்னைத் திட்டுனதை எல்லாம் இப்ப நெனச்சா சிரிப்பா வருது. சிரிக்கவும் முடியல."

வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் புவனேஸ்வரி அவன் வலது தோளுக்குமேல் குனிந்து, "பால் வாங்கணும்," என்றாள்.

வண்டி நேராகப் போனது.

இன்னும் கிட்டே போய், "உங்க மூக்கு வாழைக்கா மாதிரி இருக்குது," என்றாள்.

பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அர்ஜுனன் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புவனேஸ்வரி இடப்பக்கம் சாய்ந்தாள். "பால் வாங்கணும்."

"பூத் இருக்குதே, நிறுத்தறேன்," என்றான் உடனே.

அவளுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பால் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது. வலப்பக்கப் பலகை. நாலு நாடா தள்ளிவிட்டுக் குனிந்து சொன்னது. சத்தம் போதவில்லையோ என்று இரண்டாவது தடவை சொன்னது. ஐயோ, அதெல்லாம் எங்கே போய் விழுந்தது?

கோபம்கூட வந்தது. ஒரு ஜன்மத்துக்கு ஒரு தடவை சொல்கிற வார்த்தையை, கேட்காத காதில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பதில் வரவில்லை என்று முறைத்துக்கொண்டு, இத்தனை நாள். இவன் என்ன நினைத்திருப்பான்? தலையை ஆட்டிக் காட்டிச் சிரிக்க வைத்தாள், மறுநாளிலிருந்து ஏதோ இவள்தான் அடிபட்டவள்போல வாயையும் மூடிக்கொண்டாள் என்றுதானே? அப்படி நினைத்தவன்தான் அவளுக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்கத் துணிக்காது வைத்த செட்டுத் தேடி அலைந்திருக்கிறான்.

சொல்லாமலும் விட்டுவிடலாம். காது விஷயத்தை மட்டும் சொன்னால் போதும். பழையது பழையதோடு போகட்டும். அவனாக மறந்திருக்கவும் கூடும். ஆனால் மாடியில் கல்லாக உட்கார்ந்திருக்கிற அந்தத் தலை மறந்த தலை அல்ல.

வீட்டில் கீர்த்தி இல்லை. தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அர்ஜுனன் தறி அறைக்குப் போய், சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். புவனேஸ்வரி பாலை வைத்துவிட்டு வந்து அவன் எதிரே நின்றாள். காதிலிருந்து எடுக்கச் சொல்லிச் சைகை செய்தாள்.

"செட்டுல ஒண்ணும் இல்லங்க," என்றாள். "கடையில நான் திருப்பி மாட்டினேன். அதான் ரெண்டாவது கிடார் வந்துச்சு. அப்ப மொதலாவது போயிடுச்சு."

"அப்படின்னா?"

"எந்தக் கிடாரு வலப்பக்கம் வருதோ அது உங்களுக்குக் கேக்கல."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாக இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். "ஏதாச்சும் சொல்லு."

"சீரா எங்கப்பா குடுத்த பித்தளை அண்டாவுக்கு நீங்க இன்னும் ஈயம் பூசல."

"சொல்லு."

"சொல்லிட்டேன்."

கையை எடுத்தான்.

"நாலஞ்சு வருஷம் முன்ன ஜுரத்துல படுத்தேனே," என்றான். "அப்ப இந்தக் காதுல கொசு கத்துற மாதிரி ஙொய்யின்னு ஒரு சத்தம். பூண்டு எண்ணெய் ஊத்தினேன். நின்னு போச்சு. நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன்." வலது காதைத் தொட்டுப் பார்த்தான், அங்கேதான் இருக்கிறதா என்பதுபோல. "நின்னது அந்தச் சத்தம் மட்டும் இல்ல போல."

"நாளைக்குக் காது டாக்டர்கிட்டப் போவலாம். தறிக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. இத்தனை நாள் ஓட்டலையா?"

"தறிக்கு இல்ல..." என்று இழுத்தான். பிறகு ஞாபகம் வந்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, பாவம்டி அந்த ஷரீஃபு. செகண்ட்ஸ் மாலுன்னு கேட்டுட்டேனே!"

"கேட்டீங்க. நாளைக்கு அங்கயும் போவணும்."

அவள் ஷரீஃப் சொன்ன செட்டிங்கைப் பற்றிச் சொன்னாள். போனை வாங்கி இரண்டு பேருமாகத் தேடினார்கள். எங்கெங்கோ போய், எழுத்தைப் பெரிதாக்கி, திரையைக் கறுப்பாக்கி, கடைசியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அர்ஜுனன் மாட்டிக்கொண்டு கேட்டான். அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிடாரும் வந்துவிட்டன என்று தெரிந்தது. முழுப் பாட்டும் கேட்டான். முடிந்ததும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒயரை விரலில் சுற்றினான், பிரித்தான்.

"அந்தப் பலகையில உக்காந்துக்கினு நீ என்னென்ன சொல்லியிருப்பியோ," என்றான்.

"சாயங்காலம் வண்டியில வாழைக்கா மூக்குன்னு சொன்னேன்."

"யாரை?"

"வண்டியில இன்னும் யாரு இருந்தாங்க?"

அவன் மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த அறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதில் இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அதுக்கு முன்ன?" என்றான் அர்ஜுனன். "நீ பேச்சை வுடறதுக்கு முன்ன?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பதில் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. வாழைக்காயோடு நிறுத்திக்கொண்டு போய்விட அவளுக்கு இன்னும் இடம் இருந்தது.

புவனேஸ்வரி நாற்காலியைச் சுற்றி அவன் இடப்பக்கம் வந்தாள். உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரிக்கையில, எங்க அண்ணன் வூட்ல, அத்தனை பேர் முன்னால உங்க மாதிரி தலையாட்டிக் காட்டினேன். அண்ணி என்னைக் குத்துனா, நான் உங்களைக் காட்டிக் குடுத்துட்டேன். மறுநாளே தறியில உக்காந்து சொன்னேன், தப்புதான்னு. ரெண்டு வாட்டி சொன்னேன். நீங்க நாடாவுக்குக் கையை நீட்டினீங்க. சரி, இவருக்கு நெஞ்சழுத்தம்னு நான் வாயை மூடிக்கினேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பவும் அதையேதான் சொல்றேன். அது தப்புதாங்க."

அர்ஜுனன் திரும்பவில்லை. அவன் விரலில் சுற்றியிருந்த ஒயர் இறுகி, விரல் நுனி சிவந்திருந்தது. எதிரே தறியில் பாதி நெய்த புடவை, விடுமுறைக்காக மேலே துணி போர்த்திக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலிலிருந்து ஒயரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான்.

அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனாள்.